மூலையில் எழுதிய அளவுத்திட்டம்

டீ வருவதற்குள் கேள்வியைச் சரியாக வைத்துக்கொள்வோம். இணையப் பக்கத்தில் ஒரு கான்வாஸ் போட்டு, 100, 50 என்ற இடத்தில் 40 அகலம், 30 உயரத்தில் ஒரு செவ்வகம் வரைந்தீர்கள். அதை இரண்டு மடங்காக்க, வரைவதற்கு முன்னால் ஸ்கேல்(2, 2) என்று ஒரு வரி சேர்த்தீர்கள். செவ்வகம் பெரிதானது, ஆனால் இருந்த இடத்தில் நிற்காமல் வலப்புறம் கீழே நகர்ந்துவிட்டது. ஏன்?

பத்தாம் வகுப்புக் கணக்கில் வரைபடத் தாள் நினைவிருக்கிறதா? வலது மேல் மூலையில் ‘அளவுத்திட்டம்: எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = 1 அலகு’ என்று எழுதிவிட்டுத்தான் புள்ளி வைக்கவே ஆரம்பிப்போம். ஸ்கேல் தொடுவது அந்த மூலை வரியைத்தான். உங்கள் செவ்வகம் எது, எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. 1 அலகுக்கு 1 பிக்சல் என்று இருந்ததை 1 அலகுக்கு 2 பிக்சல் என்று மாற்றி எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அப்புறம் நீங்கள் 100, 50 என்று சொன்னால், அது 200, 100இல்தானே விழும்? அகலம் 80, உயரம் 60 ஆனதும் அதே கணக்குதான்.

ஏற்கெனவே வரைந்து முடித்ததை ஸ்கேல் அசைக்காததற்கும் இதுவே காரணம். கான்வாஸுக்கு ஞாபகசக்தி கிடையாது. செவ்வகத்தை வரைந்த மறுகணம் அது செவ்வகம் இல்லை, வெறும் நிறப் பிக்சல்கள். எஸ்விஜி என்றால் ஒவ்வொரு உருவத்தையும் தனித்தனி உறுப்பாக வைத்துக்கொண்டிருக்கும், பிறகு கூப்பிட்டு மாற்றலாம். இங்கே மாற்ற வேண்டுமென்றால் அழித்துவிட்டுத் திரும்ப வரைய வேண்டும்.

சரி, இடம் மாறாமல் பெரிதாக்குவது எப்படி? செவ்வகத்தின் நடுப்புள்ளி 120, 65. முதலில் டிரான்ஸ்லேட்(120, 65), அடுத்து ஸ்கேல்(2, 2), அடுத்து டிரான்ஸ்லேட்(-120, -65), அதன்பின் பழைய எண்களிலேயே செவ்வகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆனால் வரிகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் புள்ளிக்கு மிக அருகில் இருக்கும் கட்டளைதான் அதை முதலில் பிடிக்கும். 100, 50 என்பது 120, 65ஐக் கழித்ததும் -20, -15. இரண்டால் பெருக்கினால் -40, -30. திரும்ப 120, 65ஐக் கூட்டினால் 80, 35. அங்கிருந்து 80 அகலம், 60 உயரம். நடுப்புள்ளி? மறுபடி 120, 65தான்.

இன்னொன்று, இந்த அளவுத்திட்டம் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. இரண்டு முறை ஸ்கேல்(2, 2) சொன்னால் நான்கு மடங்கு. அனிமேஷனில் ஒவ்வொரு பிரேமுக்கும் ஸ்கேல்(1.01, 1.01) என்று எழுதிவைத்தால், நொடிக்கு 60 பிரேம் வீதம் ஒரே நொடியில் 1.8 மடங்கு, பத்து நொடியில் சுமார் 390 மடங்கு. படம் எங்கே போனது என்று திரையில் தேட வேண்டியதுதான். அதனால் வரையும் முன் சேவ், வரைந்த பின் ரெஸ்டோர். சேவ் நடப்பு நிலையை ஒரு அடுக்கில் வைக்கும், ரெஸ்டோர் மேலே இருப்பதை எடுத்துத் திருப்பித் தரும். கான்வாஸை 2004இல் கொண்டுவந்தது ஆப்பிள், மேக்கின் டேஷ்போர்டு விட்ஜெட்டுகளுக்காக. ஆனால் இந்தச் சேவ்-ரெஸ்டோர் பழக்கம் அதைவிட மூத்தது. 1984இல் அடோபி வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியிலேயே ஜிசேவ், ஜிரெஸ்டோர் என்று இருந்தது. அச்சு இயந்திரத்துக்காக யோசித்தது இன்று பிரவுசரில் ஓடுகிறது!

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த இடம். ஸ்கேல்(2, 1) சொல்லிவிட்டு ஒரு வட்டம் வரையுங்கள். எக்ஸ் பக்கம் மட்டும் இழுபட்டு நீள்வட்டம் வரும். கோட்டின் தடிமன் 2 என்று வைத்திருந்தால், மேலும் கீழும் 2 பிக்சல், இடமும் வலமும் 4 பிக்சல் என்று ஓரம் கோணலாக இருக்கும். தடிமனும் அலகில்தானே அளக்கப்படுகிறது, அதுவும் சேர்ந்து இழுபடுகிறது. இதைத் தவிர்க்க ஒரு நுணுக்கம் உண்டு. ஆர்க் கட்டளை கொடுக்கும்போது புள்ளிகள் அந்த நேரத்து அளவுத்திட்டப்படி பதிவாகிவிடும். கோட்டின் தடிமனோ ஸ்ட்ரோக் சொல்லும் நேரத்து அளவுத்திட்டப்படி முடிவாகும். ஆக சேவ், ஸ்கேல், ஆர்க் என்று பாதையை மட்டும் போட்டுவிட்டு, ரெஸ்டோர் செய்த பிறகு ஸ்ட்ரோக் சொன்னால் நீள்வட்டம் நீள்வட்டமாகவே இருக்கும், கோடு சுற்றிலும் ஒரே தடிமனில் வரும். ரெஸ்டோர் அளவுத்திட்டத்தைத் திருப்பும், போட்டுவைத்த பாதையைத் தொடாது. நீள்வட்டத்துக்கென்றே இப்போது எலிப்ஸ் என்று தனிக் கட்டளை வந்துவிட்டது என்றாலும், பெரிதாக்கிச் சிறிதாக்கும் வரைபடம் எதைச் செய்தாலும் இந்த வரிசை கைகொடுக்கும்.

ஸ்கேல்(1, -1) போட்டால் பள்ளிக்கூட வழக்கப்படி ஒய் அச்சு மேல்நோக்கி ஏறும். தோற்றப்புள்ளியையும் கீழே இறக்க மறக்காதீர்கள். எழுத்துகளும் தலைகீழாகும், அதற்கு மட்டும் நிலையைத் திருப்பி எழுதுங்கள்.

மொபைலில் மங்கலாகத் தெரிகிறது என்றீர்களே, அது வேறு கதை. கான்வாஸுக்கு இரண்டு அளவு உண்டு. விட்த், ஹைட் என்ற பண்புகள் உள்ளே எத்தனை பிக்சல் என்பதைச் சொல்கின்றன. எதுவும் எழுதாவிட்டால் 300க்கு 150. சிஎஸ்எஸ் சொல்வது பக்கத்தில் எவ்வளவு இடம் என்பதை. சிஎஸ்எஸ்ஸில் மட்டும் 600 என்று கொடுத்தால் பிரவுசர் 300 பிக்சலை இழுத்து நிரப்பும், மங்காமல் என்ன செய்யும்? அடர்த்தியான திரைகளில் ஒரு சிஎஸ்எஸ் பிக்சலுக்கு இரண்டு மூன்று உண்மைப் பிக்சல் இருப்பதால் அங்கேயும் இதே தொல்லை. டிவைஸ்பிக்சல்ரேஷியோ எவ்வளவு என்று கேட்டு, அதனால் விட்த்தையும் ஹைட்டையும் பெருக்கி, சிஎஸ்எஸ் அளவை அப்படியே விட்டு, அதே எண்ணை ஸ்கேலுக்கும் கொடுங்கள். வரிசை முக்கியம். விட்த்தைத் தொட்டாலே கான்வாஸ் முழுக்கத் துடைக்கப்பட்டு அளவுத்திட்டமும் பழையபடி ஆகிவிடும், ஆகவே ஸ்கேல் கடைசியில்தான்.

இதையெல்லாம் செய்தபின் செவ்வகத்தின் மேல் கிளிக் செய்தால் வேலை செய்யவில்லை என்று திரும்ப வருவீர்கள். கிளிக் வருவது பக்கத்தின் கணக்கில், செவ்வகம் இருப்பது உங்கள் அளவுத்திட்டத்தின் கணக்கில். கான்வாஸின் இடது மேல் மூலையைக் கழித்து, பக்க அளவிலிருந்து உள்பிக்சலுக்கு மாற்றி, கெட்டிரான்ஸ்ஃபார்ம் தரும் அணியின் நேர்மாறால் பெருக்குங்கள். கிடைக்கிற எண் பழைய 100, 50 கணக்கிலேயே இருக்கும்.