நெருக்கடி கற்றுத்தந்த ஆங்கிலச் சொற்கள்

இலங்கை தனது வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி அறிவித்தது. அதுவரை நிதித்துறையினரிடையே மட்டும் புழங்கிய பல ஆங்கிலச் சொற்கள் அதன் பின்னர் புலம்பெயர் தமிழர்களின் வீட்டுப் பேச்சிலும் இடம்பெறத் தொடங்கின. டிஃபால்ட், ரிசர்வ், ரீஸ்ட்ரக்சரிங், ஹேர்கட் என்பன அவற்றுள் சில.

ஒரு நாட்டின் நட்டத்தை எவர் சுமப்பது என்ற முடிவு இத்தகைய சொற்களிலேயே அறிவிக்கப்படுகிறது. ஆகவே, ஊரில் உறவினரும் சேமிப்பும் உள்ளவர்களுக்கு இவற்றின் பொருளை அறிவது அவசியமாகிறது.

வகுப்பறையும் செய்தியும்

சிட்னி நகரின் மேற்கே, பரமட்டாவுக்கு அருகிலுள்ள வென்ட்வேர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி ஆகிய புறநகர்ப் பகுதிகளில் இலங்கைத் தமிழர்கள் கணிசமாக வாழ்கின்றனர். புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஆஸ்திரேலிய அரசு 1948 ஆம் ஆண்டு முதல் ஆங்கில வகுப்புகளை நடத்தி வருகிறது. இந்த இலவச வகுப்புகளுக்கு இருந்த 510 மணிநேர வரம்பு 2021 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது.

மருத்துவரைச் சந்திப்பது, வேலைக்கு விண்ணப்பிப்பது, வீடு வாடகைக்கு எடுப்பது போன்ற அன்றாடத் தேவைகளுக்கான மொழிக்கே இத்தகைய வகுப்புகளில் முதலிடம். அரசியல் மற்றும் பொருளாதாரச் சொற்களைப் பெரும்பாலானோர் செய்திகள் மூலமாகவே கற்க வேண்டியுள்ளது. கான்பெரா வரவு செலவுத் திட்டம் குறித்த செய்தியில் சொற்களும் புதியவை, விடயமும் புதியது. இலங்கை நெருக்கடி குறித்த ஆங்கிலச் செய்தியிலோ விடயம் முன்பே தெரிந்ததாக இருக்கிறது. எரிவாயு வரிசையில் நின்றதைத் தொலைபேசியில் தங்கை ஏற்கெனவே சொல்லியிருப்பார். தெரிந்த கதையில் தெரியாத சொல்லின் பொருளை ஊகிப்பது எளிது.

தட்டுப்பாடும் தடையும்

முதலில் எதிர்ப்பட்ட சொல் ஷோர்ட்டேஜ், அதாவது தட்டுப்பாடு. 2022 இல் எரிபொருள், சமையல் எரிவாயு, மருந்து, பால்மா ஆகியவற்றுக்கு நாடெங்கும் தட்டுப்பாடு நிலவியது. அவற்றை இறக்குமதி செய்யத் தேவையான டாலர் இல்லாமை அதற்குக் காரணம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கு இதற்கு முந்திய அனுபவம் ஒன்று உண்டு. 1990களில் எரிபொருள், மின்கலம், சவர்க்காரம் போன்றவை வடக்கிற்குச் செல்வதை அரசு தடை செய்திருந்தது. அக்காலத்தில் மாணவர்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தனர். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அந்த நிலைக்குரிய ஆங்கிலச் சொல் எம்பார்கோ. வாங்க வழியில்லாத நிலை தட்டுப்பாடு. ஒருவர் வேண்டுமென்றே தடுத்து வைப்பது தடை. இரண்டிலும் வரிசை ஒன்றுபோலவே தோன்றினாலும், அதற்குப் பொறுப்பானவர் வேறு.

டிஃபால்ட்

உரிய நாளில் கடனைச் செலுத்தத் தவறுவதை இச்சொல் குறிக்கிறது. ஏறக்குறைய 7.8 கோடி டாலர் வட்டிக்கான 30 நாள் சலுகைக் காலம் 2022 மே 18 ஆம் திகதி முடிவடைந்தது. மறுநாள் மத்திய வங்கி ஆளுநர் நந்தலால் வீரசிங்க, நாட்டின் நிலையை முன்கூட்டிய தவறுகை என்று வர்ணித்தார்.

இலங்கைத் தமிழ் ஊடகங்கள் இதற்கு வங்குரோத்து என்ற சொல்லைப் பரவலாகப் பயன்படுத்தின. தமிழக ஊடகங்கள் திவால் என்றன. ஆனால் இரண்டும் முழுப் பொருத்தமானவை அல்ல. ஒரு நிறுவனம் திவாலானால் நீதிமன்றம் அதன் சொத்துகளை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிட முடியும். நாடுகளுக்கு அத்தகைய நீதிமன்றம் கிடையாது. தவறிய பின்னர் எஞ்சுவது பேச்சுவார்த்தை மட்டுமே.

இதே சொல் சிட்னியில் முற்றிலும் வேறொரு பொருளிலும் வழங்குகிறது. ஓய்வூதிய நிதியைத் தாமாகத் தெரிவு செய்யாத ஊழியரின் பணம் செல்லும் நிதியும் டிஃபால்ட் என்றே அழைக்கப்படுகிறது. அங்கு அதன் பொருள், வேறு தெரிவு இல்லாதபோது தானாக அமைவது என்பதாகும். சொல்லை வாக்கியத்தோடு கற்க வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கையிருப்பும் பாலமும்

ரிசர்வ் என்பது வெளிநாட்டு நாணயக் கையிருப்பு. 2022 ஏப்ரல் இறுதியில் இலங்கையின் உத்தியோகபூர்வக் கையிருப்பு ஏறக்குறைய 180 கோடி டாலராக இருந்தது. எனினும், பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 5 கோடி டாலருக்கும் குறைவு என்று அப்போதைய நிதியமைச்சர் அலி சப்ரி மே மாதத் தொடக்கத்தில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். கணக்கில் இருந்ததில் பெரும்பகுதி சீனாவுடனான நாணயப் பரிமாற்ற ஏற்பாட்டில் கிடைத்தது. அதை அந்நிலையில் செலவிட முடியவில்லை. ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டை உணர்த்தியது யூசபிள் என்ற ஒற்றை அடைமொழிதான்.

அடுத்தது பிரிட்ஜிங். ஆஸ்திரேலியாவில் புகலிடம் கோரியவர்கள் இச்சொல்லை நன்கு அறிவர். விசா விண்ணப்பம் முடிவாகும்வரை நாட்டில் தங்க வழங்கப்படும் இடைக்கால அனுமதி அது. சர்வதேச நாணய நிதியத்தின் பணம் வரும்வரை சமாளிக்க இலங்கை தேடிய இடைக்கால நிதிக்கும் இதே சொல்தான் பயன்பட்டது. அக்காலத்தில் இந்தியா ஏறக்குறைய 400 கோடி டாலர் அளவுக்கு உதவியது. நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டாலர் திட்டத்துக்கு 2023 மார்ச் 20 ஆம் திகதிதான் ஒப்புதல் அளித்தது.

யாருடைய முடி வெட்டப்பட்டது?

கடன் கொடுத்தவர் தமக்கு வரவேண்டிய தொகையில் ஒரு பகுதியை இழக்க ஒப்புக்கொள்வது ஹேர்கட் எனப்படுகிறது. சொல்லுக்குச் சொல் முடிவெட்டு என்று மொழிபெயர்த்தால் பொருள் விளங்காது. வெட்டிய முடி வளரும்; வெட்டிய கடன் திரும்பி வராது. 2024 டிசம்பரில் நிறைவடைந்த உடன்பாட்டின்படி, இலங்கையின் சர்வதேச முறிகளை வைத்திருந்தோர் முதற்தொகையில் 27 சதவீதக் குறைப்பை ஏற்றனர். தமிழக வாசகர்கள் பத்திரம் என்று கூறுவதையே இலங்கையில் முறி என்கின்றனர்.

உள்நாட்டுக் கடனுக்கு வந்தபோது சொல் மாறியது. 2023 ஜூலை 1 ஆம் திகதி 122 க்கு 62 என்ற வாக்குகளால் நாடாளுமன்றம் ஏற்ற திட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒப்டிமைசேஷன் என்று பெயர். உகந்த நிலைக்குக் கொண்டுவருதல் என்பது அதன் பொருள். இதைக் கேட்கும் எவருக்கும் நட்டம் ஏற்படப் போவதாகத் தோன்றாது.

அதன் கீழ் ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதிகள் தம்மிடமிருந்த திறைசேரி முறிகளைக் கொடுத்துவிட்டுப் புதிய முறிகளைப் பெற வேண்டியிருந்தது. புதியவற்றின் வட்டி 2025 வரை 12 சதவீதம், பின்னர் 9 சதவீதம். மறுத்தால் 14 சதவீத வரி 30 சதவீதமாக உயரும் என்று அறிவிக்கப்பட்டது. வங்கிகள் வைத்திருந்த முறிகள் இதில் சேர்க்கப்படவில்லை. வங்கிகள் ஏற்கெனவே நெருக்கடியில் இருப்பதாகவும், சேமலாப நிதி உறுப்பினர்களின் முதற்தொகை குறைக்கப்படவில்லை என்றும், குறைந்தது 9 சதவீத வட்டி உறுதி என்றும் அரசு விளக்கமளித்தது.

அரசின் இவ்விளக்கம் உண்மையே. ஆனால் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டிருந்தது. அவ்வாறு ஏறிய விலைகள் பின்னர் பழைய நிலைக்கு இறங்கவில்லை. சேமிப்பின் வாங்கும் திறன் ஏற்கெனவே சுருங்கியிருந்த நிலையில், அதை ஈடுசெய்யக்கூடிய வட்டியும் எதிர்காலத்துக்குக் கட்டுப்படுத்தப்பட்டது. தனியார் துறை ஊழியர்களும், மலையகத் தோட்டத் தொழிலாளர்களும் இந்நிதியின் உறுப்பினர்கள். அவர்களது சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளியின் பங்காக 12 சதவீதமும் இதில் சேர்கின்றன. ஆஸ்திரேலியாவிலும் 2025 ஜூலை முதல் முதலாளியின் ஓய்வூதியப் பங்கு 12 சதவீதம்தான். தமது ஓய்வூதியக் கணக்கில் இத்தகைய மாற்றம் நேர்ந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பார்த்தால், வென்ட்வேர்த்வில் வாசகருக்கு இதன் தாக்கம் விளங்கும்.

கேட்க வேண்டிய கேள்வி

இருதரப்புக் கடன்களின் முதற்தொகையை இலங்கை 2028 முதல் திருப்பிச் செலுத்த வேண்டியுள்ளது. அதற்குள் மேலும் பல புதிய சொற்கள் வரக்கூடும். ஒவ்வொன்றின் அகராதிப் பொருளுடன் இரண்டு கேள்விகளையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது பயனளிக்கும்: இச்சொல் குறிக்கும் செயலைச் செய்பவர் யார்? அதனால் இழப்பவர் யார்? வெளிநாட்டு முதலீட்டாளரின் இழப்புக்கு வெட்டு என்றும், தோட்டத் தொழிலாளியின் இழப்புக்கு உகந்த நிலை என்றும் பெயரிடப்பட்டதை அவ்வாறு கேட்பவர்களே கண்டுகொள்வார்கள்.