கொல்ஃப் கழகத்து விழாவும் கடைசி ஆட்டக்காரரும்

கொல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தை நம்மவரிற் பெரும்பாலோர் தொலைவில் நின்றே கண்டிருப்பர். கொழும்பிலே, களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை பொரளைப் பகுதியில் றோயல் கொழும்பு கொல்ஃப் கழகத்தின் பசும்புற்றரையை ஊடறுத்துச் செல்கின்றது. அவ்வழியே பிரயாணஞ் செய்வோர், சிறிய வெண்பந்தொன்றை அடித்துவிட்டு அதன் பின்னே ஆறுதலாக நடந்து செல்லும் மனிதரைச் சாளரத்தினூடாகக் கண்டிருத்தல் கூடும். 1879ஆம் ஆண்டிலே காலிமுகத் திடலில் ஆரம்பமாகி, 1896இல் இப்போதைய இடத்துக்குப் பெயர்ந்த கழகம் அது. “தனவந்தரின் பொழுதுபோக்குத்தானே, நமக்கும் அதற்கும் யாது தொடர்பு?” என்று நேயர்கள் வினவலாம். ஆட்டத்தைப் பற்றியன்று, அதனை நடத்துங் கழகங்கள் தம் அங்கத்தவருக்கென விழா எடுக்கும் முறையைப் பற்றியே நாம் இங்கு எழுதப் புகுந்தோம். ஊர் வாசிகசாலையிலோ விளையாட்டுக் கழகத்திலோ ஒரு வருடமேனுங் காரியதரிசியாயிருந்து அல்லலுற்றவர் எவரும், இக்கதையிலே தமது சொந்தத் தலைவலியை இனங்கண்டுகொள்வர்.

அத்தலைவலி இதுதான். அங்கத்தவர் யாவரும் ஒரே சந்தாவைச் செலுத்துகின்றனர். ஆனால் யாவருக்கும் ஒரே ஆற்றல் இல்லை. போட்டி நடத்தினால் வழக்கமாக வெல்லும் பத்துப்பேரே மீண்டும் வெல்வர். எஞ்சியோர் முதல் வருடம் வருவர், இரண்டாம் வருடம் சாட்டுச் சொல்வர், மூன்றாம் வருடம் சந்தாவையும் நிறுத்துவர். கொல்ஃப் ஆட்டத்திலோ இத்துன்பம் பன்மடங்காகின்றது. முழு ஆட்டம் என்பது 18 குழிகள். ஒவ்வொரு குழியிலும் பந்தை வீழ்த்த எத்தனை அடிகள் சென்றன என்பதைக் கூட்டி, குறைந்த தொகை பெற்றவரே வென்றவர் என்பது பழைய கணக்கு. இரண்டாங் குழியிலே பந்து மணலிற் புதைந்து பத்து அடிகள் செலவாகிவிட்டால், அன்றைய கதை அங்கேயே முடிந்தது. அதற்குப் பின்னும் பதினாறு குழிகள், ஏறக்குறைய நான்கு மணி நேரம், தோற்றவன் வெயிலிலும் காற்றிலும் நடந்தாக வேண்டும். மரதன் ஓட்டத்தில் முடியாதவன் ஓரமாக ஒதுங்கிவிடலாம். இங்கே அதற்கும் வழியில்லை.

இதற்கு மருந்து கண்டவர் உண்மையாகவே ஒரு வைத்தியர். பிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்பது அவர் பெயர், சத்திரசிகிச்சை நிபுணர், 1870இற் பிறந்தவர். இங்கிலாந்திலே லிவர்பூல் நகருக்கு அண்மையில், ஐரிஷ் கடலோரத்து மணற்குன்றுகளுக்கிடையே அமைந்த வொலசிக் கழகத்தின் அங்கத்தவர் அவர். கடற்காற்று அங்கே கடுமையானது. 1931ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே, இரண்டாங் குழிக்குரிய புற்றரையிற் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது அவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் உதித்ததாம். போட்டிக்கு வரும் ஆட்டக்காரர் பலர், சில குழிகளிலேயே மனமுடைந்து தமது புள்ளி அட்டையைக் கிழித்தெறிந்துவிடுகின்றனரே, அவர்களுக்கு இவ்விளையாட்டில் என்ன இன்பம் எஞ்சுகின்றது என்பதே அது.

அவர் கண்ட வழி எளியது. அடிகளைக் கூட்டுவதை விடுத்து, ஒவ்வொரு குழிக்கும் தனித்தனியே புள்ளி வழங்கினார். இன்று வழங்கும் முறைப்படி, நிர்ணயித்த அடிகளில் முடித்தவருக்கு 2 புள்ளி. ஓரடி மிகுந்தால் 1. ஓரடி குறைந்தால் 3. ஈரடி குறைந்தால் 4. ஈரடியோ அதற்கு மேலோ மிகுந்தால் சுழியம். அவ்வளவுதான். பத்தடி அடித்தாலும் சுழியம், இருபதடி அடித்தாலும் சுழியம். சுழியத்திற்குக் கீழே செல்ல இடமில்லை. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அடுத்த குழிக்கு நடந்து, அங்கே புதிதாய் ஆரம்பிக்கலாம். நேற்றைய நட்டத்தை இன்றைய ஏட்டிலே ஏற்றாத கணக்கப்பிள்ளை போன்றது இம்முறை எனலாம். இதன் முதல் வடிவத்தை 1898இலேயே வேல்ஸ் நாட்டின் கிளமோர்கன்ஷயர்க் கழகத்தில் அவர் பரீட்சித்துப் பார்த்திருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது மறந்து கிடந்து, 1932ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் திகதி வொலசியில் முறையான போட்டியாக அரங்கேறியது. ஸ்டேபிள்ஃபோர்ட் 1959இல் மறைந்தார். உலகெங்குங் கழகங்களின் வார இறுதிப் போட்டிகளிலே அவர் பெயர் இன்றும் நாள்தோறும் உச்சரிக்கப்படுகின்றது. பெரும் வெற்றி வீரர் பலருக்குங் கிட்டாத பேறு இது; அதுவும் தோற்பவரை எண்ணிப் பார்த்தமையாற் கிட்டியது.

ஸ்டேபிள்ஃபோர்டின் முறை தனித்து நில்லாது. அதற்கு முந்திய மற்றொரு ஏற்பாட்டின் தோளிலேறியே நிற்கின்றது. ‘ஹன்டிகப்’ என்று வழங்கும் சலுகை அடிகளைத்தான் சொல்கின்றோம். 72 அடிகளில் முடிக்க வேண்டிய திடலை வழக்கமாக 90 அடிகளில் முடிப்பவருக்கு 18 அடிகள் சலுகை, அதாவது குழிக்கு ஒன்று. இச்சலுகையினாலேயே தேர்ந்த ஆட்டக்காரரும் நேற்றுப் பழகியவரும் ஒரே நாளில், ஒரே திடலில், ஒரே கிண்ணத்துக்காக மோதமுடிகின்றது. வேறெந்த விளையாட்டிலும் இது இத்துணை இயல்பாக அமைந்துள்ளதாக நமக்குத் தோன்றவில்லை. ஆனால் சலுகையை நீதியாக அளப்பது எங்ஙனம்? முற்காலத்தில் கழகத்துக்குக் கழகம் அளவு வேறுபட்டது. இதனை நாடளாவிய ஒழுங்கிற்குள் முதலிற் கொண்டுவந்தோர் பெண்களே. 1893இல் பிரித்தானியாவிலே தொடங்கிய பெண்கள் கொல்ஃப் ஒன்றியத்தின் முதற் காரியதரிசி இஸெட் பியர்சன் அம்மையார், பிடிவாதமாக நின்று அதனைச் சாதித்தார். ஆண்கள் அவ்வழிக்கு வரப் பல்லாண்டுகள் சென்றன. 2020 முதல் உலகுக்கெல்லாம் ஒரே முறை வழக்கில் வந்துள்ளது. அண்மையில் ஆடிய 20 ஆட்டங்களில் மிகச் சிறந்த 8ஐ எடுத்துச் சராசரி காண்பது அதன் அடிப்படை. ஆணாயினும் பெண்ணாயினும் சலுகையின் உச்ச எல்லை 54. குழிக்கு மூன்றடி என்க! புதியவர் ஒருவர் அஞ்சாது விழாவுக்கு வரலாம் என்று எழுத்திலே எழுதிக் கொடுத்த அழைப்பிதழாகவே அவ்வெண்ணை நாம் கருதுகின்றோம்.

இனி, எவரை எவருடன் சேர்ப்பது? விழாவை ஆக்குவதும் அழிப்பதும் இவ்வொரு கேள்வியே. “உங்கள் நால்வரை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள்” என்று காரியதரிசி அறிவித்துவிட்டால் அவருக்கு வேலை மிச்சம். ஆனால் பழைய நண்பர் நால்வர் பழையபடியே கூடுவர், புதிதாகச் சேர்ந்தவர் அறிவித்தற் பலகையின் முன் தனியே நிற்பார். இவ்விடயத்தில் முன்னோர் நம்மினும் அறிவுடையோராயிருந்தனர். 1744ஆம் ஆண்டிலே ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரசபை, லீத் என்னும் இடத்தில் நடந்த போட்டிக்கு வெள்ளியாலான மட்டையொன்றைப் பரிசாக அளித்தது. ஆட்டத்தின் விதிகள் பதின்மூன்று அப்போதுதான் முதன்முதலாக எழுதப்பட்டன. ஆடுவோர் இலக்கமிட்ட காகிதத் துண்டுகளைத் தொப்பியொன்றிலிட்டு எடுத்து, வந்த இலக்கப்படி சோடி சேர வேண்டுமென்பது நிபந்தனை. பிரபுவாயினும் வேறெவராயினுஞ் சீட்டு எவரைக் காட்டிற்றோ அவரே அன்றைய துணை.

அவ்வாண்டு வென்றவர் ஜோன் றற்றே என்னும் வைத்தியர். (வைத்தியர்களுக்கும் இவ்வாட்டத்துக்கும் ஏதோ பூர்வஜென்மத் தொடர்பு போலும்!) 1745இலும் அவரே வென்றார். அவ்வருடமே நாட்டிற் கலகம் மூண்டது. றற்றே இளவரசர் சார்ள்ஸ் எட்வேர்ட்டின் படையிற் சத்திரவைத்தியராகச் சேர்ந்து, 1746இற் கலோடன் போரிலே அப்படை முறிந்தபின் சிறைப்பட்டார். அரச துரோகத்துக்குத் தூக்குமேடையே தண்டனையாகவிருந்த காலம் அது. எதிர்த்தரப்பிலே, அரசாங்கத்தின் தூணாக விளங்கிய பிரதம நீதிபதி டங்கன் ஃபோர்ப்ஸ், லீத் திடலில் அவரோடு பழகிய கொல்ஃப் தோழர். அவர் முன்னின்று பேசியமையால் றற்றே உயிர் தப்பினார். மீண்டும் திடலுக்கு வந்து 1751இல் அதே வெள்ளி மட்டையை மூன்றாம் முறை வென்றார். அரசியலிலே இரு துருவங்களாய் நின்றோரை ஒரு திடல் அறிமுகஞ் செய்து வைத்திருந்தது. அங்கத்தவர் விழா எதற்காக என்று கேட்போருக்கு இதனைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை. ஆயினும், லீத் கழகத்தின் வழிவந்தோர் தமது மியூர்ஃபீல்ட் கழகத்தில் பெண்களை அங்கத்தவராக்க 2017 வரை தாமதித்தனர். 2016இல் நடந்த வாக்கெடுப்பில் வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு வாக்குக் கிடைக்கவில்லை. வேறு கழகங்கள் பெண்களைச் சேர்த்துக்கொண்டும், அவர்களின் போட்டியை வாரநாட் காலையிலே வைப்பதுண்டு. உத்தியோகம் பார்க்கும் பெண் எங்ஙனம் வருவாள் என்று அட்டவணை எழுதியவர் ஒருகணம் எண்ணியிருக்கலாம்.

சீட்டுக் குலுக்கலுக்கு இன்று சிறிது திருத்தஞ் செய்துள்ளனர். அங்கத்தவரை ஆற்றல் வரிசையில் நான்கு பகுதியாக்கி, பகுதிக்கு ஒருவராக எடுத்து நால்வர் அணிகளை அமைப்பர். அவ்வணியினர் ‘ஸ்கிராம்பிள்’ என்னும் முறையில் ஆடுவர்: நால்வரும் அடிக்க, அவற்றுள் நன்றாய் விழுந்த பந்தின் இடத்திலிருந்து நால்வரும் மீண்டும் அடிப்பர். தேர்ந்தவரின் பந்தே எப்போதும் எடுபடுமாயின் மற்ற மூவரும் வெறும் பார்வையாளராகிவிடுவர் அல்லவா? அதற்கும் மருந்துண்டு. ஒவ்வொருவரின் தொடக்க அடியும் குறைந்தது மூன்று முறையேனும் பயன்படுத்தப்படல் வேண்டுமென்று விதிப்பர். இச்சிறு விதி செய்யும் மாயம் பெரிது. பலவீனமானவரின் அடிக்காக மற்ற மூவரும் மூச்சடக்கிக் காத்து நிற்பர். அது நேராகச் சென்றுவிட்டாலோ ஆரவாரம் வானைப் பிளக்கும்.

காலக் கணக்குக்கு வருவோம். முதலாங் குழியிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஓர் அணியாக 18 அணிகளை அனுப்பினால், முதலணிக்கும் கடைசி அணிக்குமிடையே 170 நிமிட இடைவெளி. முதலில் முடித்தோர் கடைசி அணி வருமுன்னரே உண்டு களைத்து வீடு சென்றுவிடுவர். பரிசளிப்பு வைபவம் வெற்று நாற்காலிகளின் முன் நடைபெறும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து வோலா வோலா என்னுமூரில், 1956ஆம் ஆண்டு ஜிம் றசல் என்ற கழகப் பயிற்றாளர் ஒரே நாளில் இரு போட்டிகளை நடத்தவேண்டி ஓர் உபாயஞ் செய்தார். குழிக்கோர் அணியாக யாவரையும் முன்கூட்டியே நிறுத்தி, வேட்டைத் துப்பாக்கியொன்றைச் சுட்டார். திடலெங்கும் ஆட்டம் ஒருங்கே தொடங்கிற்று. ‘சொட்கன்’ தொடக்கம் என்றே இம்முறைக்குப் பெயராயிற்று. இப்போது சங்கொலி போன்ற ஊதியே ஒலிக்கின்றது, துப்பாக்கி ஓய்வுபெற்றுவிட்டது. 72 பேரும் ஒரே வேளையில் ஆரம்பித்து, ஏறக்குறைய ஒரே வேளையில் முடித்து, ஒரே பந்தியில் அமரலாம். ஆனால் ஓரணி அசைந்து அசைந்து நடந்தால் திடல் முழுவதும் பின்தங்கும். ஆகவே குழிக்கு இன்ன நிமிடம் என்பதை அட்டையிலேயே அச்சிட்டுவிடுதல் நலம். ஆட்டம் தொடங்கிய பின்னர் இதற்கென அதட்டித் திரியுங் காரியதரிசியை எவரும் விரும்பார்.

பரிசுகளைப் பற்றி விரிவாய் எழுத வேண்டியதில்லை. இருவர் சமபுள்ளி பெற்றால் பின் ஒன்பது குழிகளின் புள்ளியைப் பார்ப்பது, அதுவுஞ் சமமாயின் கடைசி ஆறு, பின் கடைசி மூன்று, பின் கடைசிக் குழி என்பது வழக்கம். இதனைக் காலையிலேயே அறிவித்துவிட வேண்டும். மாலையில் அறிவித்தால் அது விதியாகாது, வழக்காகும். குழிக்கு மிகக் கிட்டப் பந்தை வைத்தவருக்கு ஒரு பரிசு வைப்பது நன்று. அதிர்ஷ்டம் புதியவரையும் தேடிவரும். ஒரே அடியிற் குழியில் வீழ்த்தியவரோ பரிசு பெறுவதற்குப் பதிலாக மற்றோருக்கு விருந்து வைக்க வேண்டுமென்பது விசித்திரமான மரபு. ஜப்பானில் இவ்விருந்துச் செலவுக்கு அஞ்சி ஆட்டக்காரர் காப்புறுதி செய்துகொள்கின்றனர்! கடைசியாய் வந்தவருக்கு மரக்கரண்டி அளித்துச் சிரிக்கும் வழக்கமுஞ் சில இடங்களில் உண்டு. அதைப் பெறுபவர் தாமே முதலிற் சிரிப்பவராயின் அளிக்கலாம். அறிமுகமில்லாத புதியவராயின், கரண்டி பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

ஸ்கொத்லாந்தின் சென்ற் அன்ட்றூஸ் திடலில் ஆண்டுதோறும் செப்டெம்பர் மாதத்திலே புதிய தலைவர் பதவியேற்கும் முறையையுஞ் சொல்லிவிடுவோம். காலை எட்டு மணிக்கு அவர் முதல் மேடையில் நின்று ஒரே ஓர் அடி அடிப்பார், பீரங்கி முழங்கும். அவ்வோரடியினால், போட்டியாளர் எவருமின்றியே கழகத்தின் வெள்ளி மட்டையை அவர் வென்றவராகின்றார். உண்மையான போட்டி எதிரே புற்றரையில் நடைபெறும். மட்டைப் பைகளைச் சுமக்கும் உதவியாளர்கள் அங்கே வரிசையாய்க் காத்து நின்று, பந்து விழுந்ததும் அதன்மேற் பாய்வர். எடுத்தவர் அதைத் தலைவரிடம் கொண்டுவந்து கொடுத்துத் தங்க நாணயமொன்றைப் பெற்றுச் செல்வார். தலைவர் வலிமையற்றவரெனக் கேள்விப்பட்டால், உதவியாளர் சற்று முன்னே நெருங்கி வந்து நிற்பதும் உண்டாம்.