பிரிட்டன் தேர்தல் கணிப்பை எவ்வளவு நம்பலாம்? மட்டாஞ்சேரி கணக்கு சொல்வது என்ன?

பிரிட்டனில் ஒரு கருத்துக்கணிப்பு வெளியானாலே, அங்கே வேலை பார்க்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் பரபரப்பாகிவிடும். காரணம் இருக்கிறது. நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக்கான காத்திருப்பை 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக்கும் திட்டத்தை லேபர் அரசு 2025 மே மாதம் முன்வைத்தது. ஆட்சிக்கு வந்தால் அந்த அனுமதியையே ஒழிப்போம் என்று ரிஃபார்ம் யுகே கட்சி அதே செப்டம்பரில் அறிவித்தது. நீங்கள் அங்கே இருந்தாலும் சரி, போகப் போகிறவராக இருந்தாலும் சரி, இது உங்களைப் பாதிக்கும் தேர்தல்.

தேர்தல் எப்போது?

2029 ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் நடந்தாக வேண்டும். பிரதமர் நினைத்தால் முன்கூட்டியே நடத்தலாம்.

இதில் மட்டாஞ்சேரி எங்கே வந்தது?

பிரிட்டனில் இருக்கும் அதே தேர்தல் முறைதான் நம்மிடமும் இருக்கிறது. தொகுதியில் யாருக்கு அதிக வாக்கோ அவர் ஜெயிப்பார். பாதி வாக்கு வாங்கணும் என்ற அவசியம் இல்லை. இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு கொச்சியின் மட்டாஞ்சேரி நல்ல உதாரணம். முன்பு அந்தப் பெயரிலேயே சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2011 முதல் அந்தப் பகுதி கொச்சி தொகுதியில் வருகிறது.

2016-ல் அங்கே மார்க்சிஸ்ட் கட்சியின் கே.ஜே. மேக்ஸி காங்கிரஸை வெறும் 1,086 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2021-ல் அவருடைய வித்தியாசம் 14,079. ஐந்து வருஷத்தில் செல்வாக்கு 13 மடங்கு கூடிவிட்டதா? அப்படிச் சொல்ல முடியாது. அந்த முறை ட்வென்டி20 என்ற புதிய கட்சி மூன்றாம் இடம் பிடித்தது. அது வாங்கிய வாக்குகள் இந்த வித்தியாசத்தைவிட அதிகம். அந்தக் கட்சி நிற்காமல் இருந்தால் அவை யாருக்குப் போயிருக்கும்? அறுதியிட்டுச் சொல்ல ஆளில்லை. மூன்றாவது கட்சி வந்தாலே கணிப்பாளர்களுக்குத் தலைவலி என்பது இதனால்தான்.

வாக்கு சதவீதம் ஏன் ஏமாற்றுகிறது?

பிரிட்டனின் 2024 முடிவைப் பாருங்கள். மொத்தம் 650 இடங்கள். சுமார் 34% வாக்கு வாங்கிய லேபருக்கு 411 இடங்கள். 14% வாங்கிய ரிஃபார்முக்கு 5 இடங்கள்தான். ஆனால் 12% வாங்கிய லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 72! ரிஃபார்மின் வாக்கு நாடு முழுக்கச் சிதறிக் கிடந்தது. லிபரல் டெமாக்ரட் ஜெயிக்கக்கூடிய தொகுதிகளில் கவனத்தைக் குவித்தது.

கேரளத்திலும் இதே கதைதான். 2021-ல் சுமார் 45% வாக்குடன் இடதுசாரி முன்னணி 140-ல் 99 இடங்களைப் பிடித்தது. சுமார் 12% வாங்கிய தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு ஒன்றுகூட இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எதிர்த்தரப்பு வாக்குகள் பிரிந்து கிடக்கும்போது, சிதறிய கட்சி 30 சதவீதத்தைத் தொட்டால் இடங்கள் திடீரென்று எகிறலாம். 14 சதவீதத்தில் ரிஃபார்முக்குப் பாதகமாக இருந்த அதே விதி, 30 சதவீதத்தில் அதற்குச் சாதகமாகிவிடும்.

எப்படிக் கணிக்கிறார்கள்?

பழைய வழி, போன தேர்தலிலிருந்து நாடு முழுவதும் ஒரே அளவு வாக்கு நகர்ந்ததாகக் கொள்வது. புதிய வழியின் பெயர் எம்ஆர்பி. பாக்கெட்டில் அச்சிடும் விலை இல்லைங்க! ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்டு, வயது, படிப்பு, போன முறை போட்ட வாக்கு ஆகியவற்றை வைத்து ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனியாகக் கணக்கிடுவது. யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் போகலாம் என்று 2017-ல் யூகவ் நிறுவனம் இந்த முறையில்தான் சொன்னது. அப்படியே நடந்தது.

வாக்குப்பதிவு நாளன்று நடக்கும் எக்ஸிட் போல் வேறு ரகம். முடிந்தவரை போன முறை கேட்ட அதே வாக்குச்சாவடிகளில் கேட்டு, மாற்றத்தை அளக்கிறார்கள். 2024-ல் லேபருக்கு 410 என்றார்கள், கிடைத்தது 411. ஆனால் ரிஃபார்முக்கு 13 என்றார்கள், வந்தது 5. புதிய கட்சி என்றால் அங்கேயும் சறுக்கல்தான்.

அடுத்த கணிப்பு வந்தால் எதைப் பார்ப்பது?

- வாக்கு சதவீதமா, இடங்களா? இடங்கள் என்றால் எந்த முறையில் கணக்கிட்டது?
- எத்தனை தொகுதிகளில் நூலிழை வித்தியாசம்? 2024-ல் லண்டனின் ஹெண்டன் தொகுதியில் லேபர் ஜெயித்தது 15 வாக்கில்.
- தேர்தலுக்கு எவ்வளவு நாள் இருக்கிறது? இரண்டு வருஷம் முன்பு வரும் கணிப்பு, அன்றைய மனநிலையை மட்டுமே காட்டும்.

உங்களுக்கு வாக்கு உண்டா?

உண்டு. பிரிட்டனில் முறைப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டவர், 18 வயது நிரம்பியிருந்தால் பொதுத்தேர்தலில் வாக்களிக்கலாம். இந்தியர், இலங்கையர் இருவருமே இதில் அடக்கம். குடியுரிமை தேவையில்லை, ஆனால் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். வாக்குச்சாவடியில் அடையாளத்துக்கு இந்திய பாஸ்போர்ட் செல்லும்.

போகத் திட்டமிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டிலிருந்து பராமரிப்புப் பணியாளர்களை எடுக்கும் விசா வழி 2025 ஜூலையில் மூடப்பட்டது. அப்போது தேர்தல் எதுவும் நடக்கவில்லை. எனவே 2029-ல் யார் வருவார் என்பதைவிட, இன்றைய விதி என்ன என்பதைப் பார்த்து முடிவெடுங்கள். 15 வாக்கில் ஒரு தொகுதி கைமாறும் நாட்டில் உங்களுக்கு வாக்கு இருந்தால், முதலில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.