பல் அளவைகள் மூலம் பால் அறிதல்

பல் அளவைகள் மூலம் பால் அறிதல் என்பது, அடையாளம் தெரியாத உடல் எச்சங்கள் ஆணுடையவையா பெண்ணுடையவையா என்பதைப் பற்களின் அளவைக் கொண்டு கணிக்கும் தடய அறிவியல் முறையாகும். பற்களை மூடியுள்ள எனாமல் மனித உடலின் மிகக் கடினமான பொருளாதலால், எலும்புகள் சிதைந்த பின்னரும் பற்கள் பெரும்பாலும் எஞ்சுகின்றன.

பொதுவாக ஆண்களின் பற்கள் சற்றுப் பெரியவை. இவ்வேறுபாடு கீழ்த்தாடைக் கோரைப்பற்களில் மிகுதியாகக் காணப்படுகிறது. 1989 இல் இந்திய ஆய்வாளர்கள் கீழ்த்தாடைக் கோரைப்பல் சுட்டெண்ணை முன்வைத்தனர். கோரைப்பல்லின் அகலத்தை, இரு கோரைப்பற்களின் முனைகளுக்கு இடைப்பட்ட தொலைவால் வகுத்து இது பெறப்படுகிறது. ஆண்களில் இவ்விரு அளவுகளுமே கூடுதலாக இருப்பின் விகிதத்தில் வேறுபாடு மறைந்துவிடும். இதனால் நேரடி அளவுகளே மேலானவை எனப் பிந்தைய ஆய்வுகள் சில காட்டின.

நிரந்தரப் பற்களின் தலைப்பகுதி சிறுவயதிலேயே முழு அளவை அடைகிறது. எனவே, இடுப்பெலும்பில் பால் வேறுபாடு தெளிவாகத் தோன்றாத சிறுவர்களின் எச்சங்களுக்கும் இம்முறை உதவுகிறது.

எனினும் இருபாலாரின் பல்லளவுகளும் பெருமளவு ஒத்துப்போகின்றன. மக்கள் குழுக்களுக்கிடையிலும் அவை வேறுபடுகின்றன. தவறான கணிப்பு, காணாமற்போனோர் பட்டியலிலிருந்து உரியவரையே விலக்கிவிடக்கூடும். ஆகவே இது துணைச் சான்றாகவே கொள்ளப்படுகிறது. பற்கூழிலிருந்து செய்யப்படும் டி.என்.ஏ. சோதனை கூடுதல் உறுதி தரும்.