தோல் ஆலையும் தொழிலாளியின் தோலும்

வளரும் நாடுகளின் உடல்நலச் சிக்கல்கள் என்றதும் காசநோயும் மலேரியாவும் வயிற்றுப்போக்குமே முதலில் நினைவுக்கு வருகின்றன. பிழைப்புக்காகச் செய்யும் வேலையே உடலில் ஏற்றிவிடும் நோய்கள் அந்த வரிசையில் எளிதில் இடம்பெறுவதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டி அமைந்த தோல் தொழில் ஊர்களில் இத்தகைய நோய்களை நேரடியாகக் காணலாம்.

உப்பிட்டு வரும் பச்சைத் தோல் நீரில் ஊறி, முடி நீங்குவதற்காகச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த கரைசலில் கிடந்து, பின்னர் குரோமியம் உப்பிட்ட டிரம்மில் சுழன்று, 'வெட் புளூ' எனப்படும் நீலநிறத் தோலாக வெளிவருகிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வாரக்கணக்கில் செய்த வேலையைக் குரோமியம் ஏறக்குறைய ஒரே நாளில் முடித்துவிடுவதால்தான் ஆலைகள் அதற்கு மாறின. பதனிடுவதற்குப் பயன்படும் மூவிணைதிறன் குரோமியம் நச்சு குறைந்தது. அறுவிணைதிறன் குரோமியமோ ஆறாப் புண்ணையும் நுரையீரல் புற்றுநோயையும் உண்டாக்கி, மூக்கின் நடுச்சுவரையே துளைக்கவும் வல்லது. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற, லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு இந்த இரண்டாம் வகையால் நஞ்சேறியது.

ஆயினும் ஆலைக்குள் ஆளை நிமிடங்களில் வீழ்த்துவது குரோமியம் அன்று. சல்பைடு கலந்த கழிவு அமிலக் கழிவோடு சேரும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு பிறக்கிறது. அழுகிய முட்டையின் நாற்றம் கொண்ட இவ்வாயு, செறிவு கூடியவுடன் முகரும் உணர்வையே மரக்கடித்துவிடுவதால், நாற்றம் நின்றதும் ஆபத்து நீங்கிவிட்டதாகத் தொழிலாளி நம்பிவிடுகிறார். காற்றைவிடக் கனமான அது தொட்டியின் அடியில் தங்குவதால், கசடு அள்ள இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்குபவரும் அதே இடத்தில் சாய்கிறார். முகமூடியும் கயிறும் வாயு அளக்கும் கருவியும் இருந்தால் தவிர்க்கக்கூடிய இச்சாவுகளை விபத்து என்று எழுதி முடிப்பது பொருத்தமாகத் தோன்றவில்லை. தொட்டிக்குள் இறங்காதவரையும் கசடு கொன்றதுண்டு: 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தனர்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று ஏற்றது. தோல் ஆலைகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ ஓரளவோ பாழானதாக வந்த கணக்கையும் அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. ஆற்றையும் கிணற்றையும் வயலையும் முன்னிறுத்திய வழக்கு அது. சுண்ணாம்புக் குழியில் கை வெந்தவரின் உடல் அதன் மையத்தில் இல்லை.

ஏற்றுமதிக்கான காலணியின் நிலையோ வேறு. அணிபவரின் சருமத்தோடு படும் தோலில் அறுவிணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருப்பதால், ஆய்வுக்கூடச் சான்றிதழ் முக்கியமாகிறது. தொழிலாளியைப் பொறுத்தவரை, குரோமியப் புண்ணையும் ஆந்த்ராக்ஸையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களாக 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பட்டியலிட்டு, அந்தப் பொறுப்பை ஆலை மேலாளருக்கும் சிகிச்சை தரும் மருத்துவருக்கும் அளித்தது. ஆனால் விரல் இடுக்கில் புண் வந்த ஒப்பந்தக் கூலியாள் மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போய்விட்டால், அந்த நோய் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.