நட்ட கன்று ஏன் வாடுகிறது? கைராசி அல்ல, வேர்தான் காரணம்

மீள்குடியேறிய கிராமங்களில் செய்தி சேகரிக்கப் போகும்போது வேலியோரம் வரிசையாக நிற்கும் காய்ந்த குச்சிகளை அடிக்கடி பார்க்கிறேன். அவை ஒரு காலத்தில் மா, மாதுளை, தேசி, கொய்யாக் கன்றுகளாக இருந்தவை. வாழ்வாதார உதவியாகக் கிடைத்தவை. எத்தனை தந்தார்கள், எத்தனை தப்பின என்று கேட்டால் பல வீடுகளில் ஒரே மாதிரியான பதில்தான் வரும். "பத்துக் கன்று தந்தவை. ரெண்டுதான் மிஞ்சினது. எனக்குக் கைராசி இல்லைப் பிள்ளை."

தனியாகக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்களிடம்தான் இந்தப் பதிலை நான் அதிகம் கேட்டிருக்கிறேன். நட்டவர் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்ளும் இந்த இழப்புக்குத் தெளிவான விஞ்ஞானக் காரணம் உண்டு. பெரும்பாலும் அதைத் தடுக்கவும் முடியும்.

இழப்பைச் சிறிதாக எண்ண முடியாது. வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்த மக்கள் பல ஆண்டுகளின் பின்னர் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பியபோது, வீட்டோடு முற்றத்து மரங்களும் இல்லாமற் போயிருந்தன. வன்னியில் 2009இன் பின்னர் திரும்பிய பலருக்கும் அதே நிலைதான். ஓர் ஒட்டு மா காய்க்கத் தொடங்கவே மூன்று, நான்கு ஆண்டுகள் செல்லும். இந்த மாரியில் நட்ட கன்று பட்டுப்போனால் அடுத்த மாரிவரை காத்திருக்க வேண்டும். ஒரு கன்றின் சாவு, திரும்பிய குடும்பத்துக்கு ஓர் ஆண்டு இழப்பு.

மண்ணுக்குக் கீழே நடப்பது

செடி நீரை உறிஞ்சுவது தடித்த வேர்களால் அல்ல. வேர் நுனிக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் மிக மெல்லிய வேர்மயிர்களே அந்த வேலையைச் செய்கின்றன. பையைக் கிழித்து எடுக்கும்போது மண் உதிர்ந்தால் முதலில் அறுந்து போவது இவைதான். கன்றின் மேற்பகுதியில் இலைகள் குறையவில்லை. அவை வழமைபோல ஆவியுயிர்ப்பால் நீரை இழந்துகொண்டே இருக்கும். கீழிருந்து வரும் நீர் குறைய, மேலே போகும் நீர் குறையாதிருக்க, இலை தொய்கிறது.

அப்போது செடி தன்னைக் காத்துக்கொள்ள இலைவாய்களை மூடுகிறது. நீரிழப்பு குறையும். ஆனால் காற்றிலிருந்து காபனீரொட்சைட்டு உள்ளே வருவதும் தடைப்படும். ஒளித்தொகுப்பு மந்தமாகும். புதிய வேர் விடுவதற்கான உணவும் குறையும். இந்தச் சுழலில் இருந்து வெளியே வர ஒரு கன்றுக்குப் பொதுவாக இரண்டு, மூன்று வாரங்கள் தேவை. அந்த நாட்களில் வேரைச் சும்மா விட்டு, இலையின் தாகத்தைக் குறைப்பதே நாம் செய்யக்கூடிய பெரிய உதவி.

தடியிலிருந்து வேர்விடச் செய்த மாதுளை, திராட்சை, மல்லிகை போன்றவற்றுக்கு இந்த ஆபத்து கூட. விதையிலிருந்து வந்த கன்றுக்கு ஆணிவேர் உண்டு. தடியில் வந்ததற்கு அது இல்லை. தண்டிலிருந்து முளைத்த சில மெல்லிய வேர்கள்தான் முழுச் செடியையும் தாங்குகின்றன. அவை இலகுவில் முறியும்.

நடுவதற்கு முன்னர்

நாற்றுமேடைக் கன்றுகள் நிழல் வலைக்குக் கீழே, ஈரக் காற்றில் வளர்ந்தவை. அவற்றின் இலைகள் நேரடி வெயிலுக்குப் பழகவில்லை. கொண்டுவந்த அன்றே வெட்டவெளியில் நட்டால், வேர் பாதிக்கப்படாவிட்டாலும் இலை கருகும். எனவே ஒரு வாரம் முதல் பத்து நாட்கள்வரை பையோடு வீட்டு நிழலில் வைத்து, முதலில் காலை வெயில் மட்டும் படவிட்டு, நாளாந்தம் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்ட வேண்டும். வேர்விட்ட தடியைப் பொலித்தீன் உறையால் மூடி வளர்த்திருந்தால் அதையும் ஒரேயடியாக அகற்றக் கூடாது. தினமும் கொஞ்சம் திறந்து, வெளிக்காற்றுக்குப் பழக்கிய பின்னரே முழுமையாக எடுக்க வேண்டும்.

நடும் நாளில்

மாலை நேரமோ மப்பும் மந்தாரமுமான நாளோ நல்லது. நடுவதற்குச் சில மணி நேரம் முன்னர் பையிலுள்ள மண்ணை நன்றாக நனையுங்கள். ஈரமண் உதிராது. பையின் பக்கத்தைக் கத்தியால் கீறி உரித்தெடுங்கள். தண்டைப் பிடித்து இழுக்க வேண்டாம். நெடுநாள் பையில் நின்ற கன்றின் வேர்கள் அடியில் வட்டமாகச் சுற்றியிருக்கும். அந்தச் சுருளை மட்டும் மெதுவாகப் பிரித்தோ வெட்டியோ விட வேண்டும். இல்லாவிட்டால் அவை குழிக்குள்ளேயே சுற்றிக்கொண்டு வெளி மண்ணைத் தேடிப் போகாது.

பையில் இருந்த ஆழத்திலேயே நடுங்கள். ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். இலைகள் அடர்த்தியாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கை அகற்றலாம். பூவோ பிஞ்சோ இருந்தால் மனம் வராவிட்டாலும் கிள்ளிவிடுங்கள். காய்க்குப் போகும் உணவு இப்போது வேருக்குத்தான் தேவை. காற்றில் ஆடாதபடி ஒரு தடி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். கன்று ஆட ஆடப் புதிய வேர் அறுந்துகொண்டே இருக்கும்.

முதல் மூன்று வாரங்கள்

மேற்குப் பக்கத்தில் ஒரு கிடுகோ பனையோலையோ குத்திவிட்டாலே பிற்பகல் வெயில் தணியும். அடியில் சருகு பரப்புங்கள், ஆனால் தண்டில் முட்டாமல் நான்கு விரல் தள்ளி. கறையான் உள்ள இடங்களில் இந்த இடைவெளி மிக முக்கியம்.

நீர் ஊற்றுவதில்தான் பலருக்கும் குழப்பம். பையில் இருப்பது பெரும்பாலும் தும்புத்தூளும் கூட்டெருவும் கலந்த இலேசான மண். அது சுற்றியுள்ள நிலத்தை விட வேகமாகக் காயும். குழியைச் சுற்றி ஈரமாகத் தெரிந்தாலும் வேர்ப்பந்து உலர்ந்திருக்கலாம். ஆகவே நீரைத் தண்டின் அருகே, வேர்ப்பந்தின் மேல் மெதுவாக ஊற்ற வேண்டும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்று நீர் வேண்டாம். வேருக்கு ஒட்சிசனும் தேவை. நீர் தேங்கி நின்றால் வேர் மூச்சடைத்து அழுகும். அப்போதும் இலை வாடும். அதைப் பார்த்து இன்னும் ஒரு வாளி ஊற்றுவதால் சாகும் கன்றுகள் பல.

கரையோரக் கிராமங்களில் கிணறு உவரானால் அந்த நீரை இந்த நாட்களில் தவிர்க்க முடியுமா என்று பாருங்கள். உப்பு நீரிலிருந்து வேர் நீரை உறிஞ்சுவது கடினம். யூரியா போன்ற உரங்களும் மண்நீரில் உப்பையே கூட்டுகின்றன. ஆகவே புதிய துளிர் வரும்வரை உரம் போட வேண்டாம். வாடிய கன்றைத் தேற்ற உரம் போடுவது அதை விரைவாகக் கொல்லும் வழி.

உயிர் இருக்கிறதா என்று அறிவது எப்படி?

பிற்பகலில் தொய்ந்து மறுநாள் விடியற்காலையில் நிமிர்ந்தால் பயமில்லை. விடியும்போதும் தொய்ந்தே நின்றால்தான் கவனிக்க வேண்டும். அடியிலுள்ள ஓரிரு இலைகள் மஞ்சளாகி விழுவதும் சாவு அல்ல. செடி பழைய இலையின் நைதரசனை எடுத்துப் புதிய துளிருக்கு அனுப்புகிறது. எல்லா இலையும் கொட்டிவிட்டால் தண்டின் தோலை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் உண்டு. பிடுங்காமல் நிழல் கொடுத்துக் காத்திருங்கள்.

ஒட்டு மாவில் மட்டும் ஓர் எச்சரிக்கை. மேற்பகுதி பட்டுப்போய், ஒட்டிய இடத்துக்குக் கீழிருந்து துளிர் வந்தால் அது நீங்கள் விரும்பிய கறுத்தக்கொழும்பான் அல்ல, அடிக்கன்றின் மா. பிழைத்துவிட்டது என்று ஆண்டுக்கணக்கில் வளர்த்த பின்னர் ஏமாறாமல் இருக்க, துளிர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கன்று கொடுப்பவர்களின் பொறுப்பு

இவ்வளவும் பயனாளி செய்யக்கூடியவை. ஆனால் வடக்கின் மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான வாடைக்காலத்தில்தான் கிடைக்கிறது. மாரி முடிந்து, நிதி ஒதுக்கீட்டின் கால எல்லைக்குள் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் கொடுக்கப்படும் கன்று, வேர் பிடிக்க முன்னரே கோடை வெயிலையும் பின்னர் சோளகக் காற்றையும் சந்திக்கிறது. சில நிகழ்வுகளில் புகைப்படத்துக்காக நடுப்பகலில் கன்று நடப்படுவதையும் பார்த்திருக்கிறேன். அறிக்கைகளில் பதிவாவது கொடுத்த கன்றுகளின் தொகை. ஆறு மாதங்களின் பின்னர் நிற்கும் கன்றுகளின் தொகை அல்ல.

கோடையில் கன்று கிடைத்தால் உடனே நடத்தான் வேண்டும் என்றில்லை. சற்றுப் பெரிய பைக்கு மாற்றி, கிணற்றடி நிழலில் வைத்து மழை தொடங்கும்வரை பராமரிக்கலாம். பத்துப் பைகளுக்கு நீர் ஊற்றுவது, காணி முழுவதும் வாளி காவுவதை விடச் சுலபம். உங்கள் கிராமத்தில் அடுத்த முறை பெயர் பதியும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: எந்த மாதத்தில் தருவீர்கள்? தந்த பின்னர் பார்க்க வருவது யார்? வாடிய கன்றைப் பற்றி உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் இலவசமாகவே ஆலோசனை கேட்கலாம். அதற்குரிய இடம் கமநல சேவை நிலையம். இலை முழுவதும் கொட்டும்வரை காத்திராமல், விடியற்காலையிலும் தொய்ந்து நிற்கும் முதல் நாளிலேயே போங்கள்.