மீடியா சர்வருக்குப் பெரிய கணினி ஏன் வேண்டாம்?

சேமித்துவைத்த படத்தை டிவிக்கு அனுப்புவது சர்வருக்கு ஒரு வேலையே அல்ல. கோப்பை அப்படியே தள்ளிவிடும். படம் எச்.265 முறையில் சுருக்கப்பட்டிருந்து, டிவிக்கு அது புரியாவிட்டால்தான் திண்டாட்டம். ஓடும்போதே ஒவ்வொரு பிரேமையும் பிரித்து, எச்.264 ஆகச் சுருக்கி அனுப்ப வேண்டும். இதுதான் டிரான்ஸ்கோடிங். 4கே படத்தில் ஒரு பிரேமுக்கு 80 லட்சத்துக்கும் மேல் பிக்சல்கள், நொடிக்கு 24 பிரேம்கள். சாதாரண பிராசசருக்கு மூச்சு வாங்கும்.

இதற்கென்றே தனி மின்சுற்று ஒன்றை இன்டெல் 2011-இல் சிப்புக்குள் வைத்தது. பெயர் குவிக் சிங்க். அதனால்தான் 6 வாட் என்100 சிப் உள்ள மினி பிசியே தாராளம். ராஸ்பெரி பை 5 என்ற குட்டிக் கணினியில் வீடியோவைச் சுருக்கும் வன்பொருள் கிடையாது. விலையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

இரவு பகலாக 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் மாதத்துக்கு 43 யூனிட் தின்னும். மொத்தமே 10 வாட் இழுக்கும் மினி பிசிக்கு 7 யூனிட்தான்.

இயங்குதளம்? விண்டோஸிலும் ஓடும், ஆனால் அப்டேட் என்று பாதிப் படத்தில் ரீஸ்டார்ட் ஆனால் யார் பதில் சொல்வது? டெபியன் லினக்ஸும் ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வர் மென்பொருளும் போடுங்கள். இரண்டும் இலவசம்.